வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகம்: எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பங்குனி பிறந்தால் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிடுவார்கள். புதுக்கோட்டைச் சீமையின் பல ஊர்களைப் போல எங்களுக்கும் திருவிழா என்றால் ஒரு ராத்திரி வள்ளி திருமணம் உண்டு. விழாக் குழுவில் நாடகப் பொறுப்பு என்னுடையது. சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்ட பிள்ளைகள், அவர்கள் கூட்டிவரும் நண்பர்கள், புதிதாக இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் என்று எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். திருவிழா நேரத்தில் நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்பெஷல் நாடகம் என்கிறார்களே, அதில் என்ன ஸ்பெஷல்?

முன்பு நாடகக் கம்பெனிகள் இருந்தன. ஒரு முதலாளி, ஒரு வாத்தியார், ஒரே கூரையின் கீழ் தங்கி ஒத்திகை பார்க்கும் நடிகர்கள். சின்னப் பையன்களையே வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகளும் உண்டு. ஸ்பெஷல் நாடகம் அப்படியில்லை. அந்த ஒரு ராத்திரிக்காக ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பது. கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், கதாநாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, சிரிக்க வைக்கும் பபூன் திண்டுக்கல்லிலிருந்து, ஆர்மோனியம் காரைக்குடியிலிருந்து. நோட்டீஸில் ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் பெயரோடு ஊரையும் போடுவது அதனால்தான்.

ராத்திரி முருகனும் வள்ளியுமாக நிற்கப் போகிறவர்கள் சாயங்காலம்தான் முதல் தடவை ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்பதும் உண்டு. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்து வகுப்பறைதான் மேக்கப் ரூம். ஒரு வருஷம் நான் டீ கொண்டுபோனபோது, கண்ணுக்கு மை எழுதிக்கொண்டிருந்த ஸ்திரீபார்ட் அம்மா கதவோரம் வந்து நின்ற ராஜபார்ட்டைக் கண்ணாடியிலேயே பார்த்து, "வணக்கம்ண்ணே, நீங்க எத்தனை கட்டை?" என்று கேட்டார். அவர் தான் பாடும் ஸ்ருதியைச் சொன்னார். "சரிண்ணே" என்று இவர் மறுபடி மை எழுத ஆரம்பித்தார். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த ஒத்திகை.

ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய எப்படி நடிக்கிறார்கள்?

எல்லோருக்கும் பாடம் ஒன்று என்பதால். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டும் வசனமும் அவர்களுக்கு நெட்டுரு. யார் முதலில் வருவார், எந்தப் பாட்டோடு வருவார், எந்த இடத்தில் கேள்வி, எந்த இடத்தில் மறுப்பு என்ற வரிசை மதுரைக்காரருக்கும் காரைக்குடிக்காரருக்கும் ஒன்றுதான். அந்த வரிசைக்கு உள்ளே எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வது, எந்தப் பாட்டைக் கூட்டுவது, எதிராளியை எப்படி மடக்குவது என்பதெல்லாம் அந்த நேரத்து யோசனை.

இதைத் தாங்கிப் பிடிப்பவர் ஆர்மோனியக்காரர். மேடையின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஸ்ருதி கொடுப்பார், பின்பாட்டுப் பாடுவார், நடிகர் அடி மறந்தால் அடுத்த அடியை மெல்ல எடுத்துக் கொடுப்பார், கூட்டம் சோர்ந்தால் ராகத்தை மாற்றிவிடுவார். அவருக்குப் பக்கத்தில் மிருதங்கம், தாளம், அப்புறம் ஆல்ரவுண்ட். இடி, குதிரைக் குளம்பு, பபூன் விழும் சத்தம் எல்லாம் ஆல்ரவுண்ட்காரர் கையில்.

ஒரு வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ராஜபார்ட் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. மணி இரண்டு ஆகியும் முருகனைக் காணோம். மேடையில் நாரதரும் வள்ளியும். விழாக் குழுவில் ஒருவர் திரைக்குப் பின்னால் போய் ஆர்மோனியக்காரர் காதில் விஷயத்தைச் சொன்னார். அவர் தலையசைத்தார். நாரதர் ஒன்றுமே நடக்காதது போல் புதுக் கேள்வி ஒன்றை எடுத்தார், வள்ளி பதில் சொன்னார், அதிலிருந்து இன்னொன்று. ஒன்றேகால் மணி நேரம் போனது. முன்வரிசையில் இருந்த எங்கள் பெரியம்மா இன்றைக்கும் அந்த வருஷத்துத் தர்க்கத்தை, அந்தக் கேள்வி பதில் வாதத்தைத்தான் பெரிதாகச் சொல்வார். அது தாமதத்தைச் சமாளிக்கப் பிறந்தது என்று அவருக்கு நான் சொன்னதில்லை. ராஜபார்ட் ஆட்டோவில் வந்து இறங்கியதும் ஆர்மோனியம் ஒரு மெட்டு வாசித்தது. நாரதர் விடைபெற்றுக்கொண்டார்.

யார் இந்தச் சங்கரதாஸ் சுவாமிகள்?

1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். முதலில் நடிகர். எமன், சனீஸ்வரன் போன்ற வேஷங்களில் அவர் மேடைக்கு வந்தால் பார்க்கிறவர்கள் நடுங்கிப்போவார்களாம். தன் வேஷத்தைப் பார்த்துப் பயந்து ஒரு பெண்ணின் கரு கலைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு நடிப்பதையே விட்டுவிட்டார் என்று சொல்வார்கள். அதன்பின் எழுதுவதும் கற்றுக்கொடுப்பதும்தான். பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், லவகுசா, அல்லி அர்ஜுனா, பிரகலாதன் என்று நீளும் வரிசையில் வள்ளி திருமணமும் ஒன்று. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் நாடகத்தில் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் பிள்ளைகளாகச் சேர்ந்து பாடம் கேட்டது அங்கேதான். 1922-ல் புதுச்சேரியில் காலமானார். அவர் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் எழுதிய அடிகள் ஊர் ஊராக ராத்திரிகளில் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நடிகர்கள் மேடை ஏறுமுன் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.

கதை தெரியாமல் வந்தால் புரியுமா?

நன்றாகப் புரியும். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் கடைசியாக வரும் வள்ளியம்மை கதைதான். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்க்கிறான். பெரியவளானதும் தினைப்புனத்துக்குக் காவல் வைக்கிறான். பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளியும் குருவியும் ஓட்டுகிறாள். நாரதர் வந்து பார்த்துவிட்டு முருகனிடம் போய்ச் சொல்கிறார். முருகன் மானைத் தேடும் வேடனாக வருகிறார், வேங்கை மரமாக நிற்கிறார், விருத்தராக, அதாவது கிழவராக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறார். ஒன்றுக்கும் அவள் மசியவில்லை. கடைசியில் அண்ணன் விநாயகரை நினைக்க, யானை வருகிறது, பயந்து ஓடிவந்து விருத்தரைக் கட்டிக்கொள்கிறாள். அப்புறம் கல்யாணம்.

இவ்வளவும் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் முடிவைத் தெரிந்துகொள்ள விழித்திருப்பதில்லை. இந்த வருஷத்து வள்ளி என்ன பதில் சொல்லப் போகிறாள் என்று பார்க்கத்தான் பாயும் போர்வையுமாக வருகிறார்கள்.

எத்தனை மணிக்கு வரலாம்?

பத்து மணி என்று நோட்டீஸில் இருக்கும். முதலில் ஆர்மோனியக்காரர் சாமி பாட்டுகள் பாடுவார். பிறகு பபூன். தனியாக வந்து பாடிப் பேசிக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுப்பார். அடுத்து டான்ஸ் ஆடும் பெண் வருவார். அவரும் பபூனும் ஆடிப் பாடி வாய்ச்சண்டை போடும் பகுதி பன்னிரண்டு வரைகூடப் போகும். அதற்கும் வள்ளி கதைக்கும் நேர்ச் சம்பந்தம் கிடையாது. கதை தொடங்குவது நள்ளிரவை ஒட்டி. வேடன் வருவது இரண்டு, மூன்று மணிக்கு. கிழக்கு வெளுக்கும்போது கல்யாணம்.

ஒரு வேண்டுகோள். டான்ஸ் முடிந்ததும் இளைஞர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நாடகமே அதற்கப்புறம்தான். சாயங்காலம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வாருங்கள், இருந்து பாருங்கள்.

தர்க்கம் என்றால் என்ன? அதைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லக்கூடாதா?

விழாக் குழுவிலேயே சிலர் கேட்கிற கேள்வி இது. "மூணு மணி நேரம் பேசிக்கிட்டே இருக்காங்க, பாட்டை மட்டும் பாடிட்டு முடிக்கச் சொல்லுங்க" என்பார்கள். நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, ஒத்துக்கொள்ளப் போவதும் இல்லை.

தர்க்கம்தான் இந்த நாடகத்தின் உயிர். நாரதர் தினைப்புனத்துக்கு வந்து, தனியாக நிற்கும் பெண்ணிடம் கேள்வி போடுகிறார். ஆண் பெரிதா பெண் பெரிதா, இல்லறம் உயர்ந்ததா துறவறம் உயர்ந்ததா என்று போகும். வள்ளி நடிப்பவர் ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாட்டில் கேட்டால் பாட்டில் பதில், அதே தாளத்தில். புராணத்திலிருந்து உவமை காட்டினால் புராணத்திலிருந்தே மறுப்பு. இதற்குத் தேவாரம், திருப்புகழ், குறள், கந்தபுராணம், மகாபாரதம் எல்லாம் நுனிநாக்கில் இருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு பெண், ஆயிரம் பேருக்கு முன்னால், எதிரே நிற்கும் மூத்த நடிகரை அவர் சொன்ன சொல்லாலேயே மடக்குவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்துதான் முதல் கைதட்டு வரும்.

எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்த புராணம் முழுவதும் இந்தத் தர்க்கங்களில் கேட்டது. தர்க்கத்தை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு பாட்டுக் கச்சேரி. அதற்கு எதற்கு இத்தனை பேரை வரவழைக்க வேண்டும்?

'காயாத கானகத்தே' எப்போது பாடுவார்கள்? அதற்கு ஏன் அவ்வளவு ஆரவாரம்?

வேடனாக முருகன் வந்து வள்ளியைப் பார்க்கும் இடத்தில். அம்பு பட்டு ஓடிவந்த மானைப் பார்த்தாயா என்று கேட்பதுபோல் அவளையே மான் என்று பாடும் பாட்டு. 1945-ல் வந்த ஸ்ரீ வள்ளி படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடியதால் நாடகம் பார்க்காதவர்களுக்கும் தெரியும். ராஜபார்ட்டின் குரல் எப்படி என்று ஊர் முடிவு செய்வது இந்தப் பாட்டில்தான். மைக் இல்லாத நாளில் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும் என்பதால் இந்த மேடையில் ஆண்களும் உச்ச ஸ்ருதியில் பாடிப் பழகினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட இந்த எடுப்புக்கு எழுந்து உட்காருவார்கள்.

நடுவில் சினிமாப் பாட்டு வருகிறதே, இது கலப்படம் இல்லையா?

எனக்கும் அளவு மீறினால் பிடிக்காது. ஆனால் இந்த நாடகம் எப்போதும் தன் காலத்தை உள்ளே விட்டுத்தான் வந்திருக்கிறது. அதற்குப் பெரிய சாட்சி தியாகி விஸ்வநாததாஸ். சிவகாசியில் பிறந்தவர். சுதந்திரப் போராட்டக் காலத்தில் இதே வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து, பறவை ஓட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினார். கொக்கு யார் என்று கூட்டத்துக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறைக்குப் போனார், வெளியே வந்ததும் மறுபடி அதையே பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் பாடிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் பிரிந்தது. சுவாமிகள் பாடத்தில் இல்லாததைப் பாடினார் என்று அவரை யாரும் குறை சொன்னதில்லை. இடமறிந்து சேர்த்தால் நாடகத்துக்குப் பலம், கைதட்டுக்காக மட்டும் சேர்த்தால் பலவீனம். இதுதான் என் கணக்கு.

பெரிய பாடகர்கள் இந்த மேடையிலிருந்து வந்தார்களாமே?

ஆமாம். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920-களில் கொழும்பில் சேர்ந்து நடிக்க ஆரம்பித்தவர்கள். வள்ளி திருமணத்தில் அவர் முருகன், இவர் வள்ளி. இருவரும் நிஜத்திலும் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பா 1933-ல் இறந்தபோது வயது 27. அதன்பின் சுந்தராம்பாள் எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று வெள்ளைச் சேலைக்கு மாறிவிட்டார். தியாகராஜ பாகவதரும் நாடக மேடையில் வளர்ந்தவர்தான். அவர் முதல் படமான பவளக்கொடி, மேடையில் ஓடிய நாடகமே.

இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பக்கமும் இந்த இசை நாடகம் வேர் பிடித்தது. நடிகமணி வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் கண்கலங்கச் சொல்வார்கள்.

தெருக்கூத்தும் இதுவும் ஒன்றா?

இல்லை. தெருக்கூத்து வடக்கே திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் அதிகம். பெரிய கிரீடம், புஜக்கட்டை, பாரதக் கதை, திறந்த களம். நம்முடையது மேடை, எழுதிய சீன், ஆர்மோனியம். காட்டு சீனுக்கு ஒரு படுதா, தர்பாருக்கு ஒரு படுதா. இரண்டும் விடிய விடிய நடப்பவை, அந்த உறவு உண்டு.

பிள்ளைகளோடு வரலாமா? பபூன் பேச்சு ஒரு மாதிரி இருக்கும் என்கிறார்களே?

சில இடங்களில் பச்சையாகப் பேசுகிறார்கள், மறைக்க முடியாது. எங்கள் ஊரில் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, முன்வரிசையில் பிள்ளைகளும் பாட்டிகளும் இருப்பார்கள் என்று சொல்லிவிடுவோம். நல்ல பபூனுக்கு அது போதும். அவர்களில் பலர் அருமையாகப் பாடக்கூடியவர்கள். அதேபோல் டான்ஸ் ஆட வருகிற பெண்ணைப் பார்த்து விசில் அடிப்பது, மேடைக்குக் கீழே போய் நின்று சீண்டுவது இதெல்லாம் இங்கே கூடாது. அவர் நம் ஊருக்கு வந்த விருந்தாளி. இரண்டு வருஷம் முன்பு ஒரு பையனை எழுப்பி வெளியே அனுப்பினோம். இனியும் அனுப்புவோம்.

எங்கள் ஊரிலும் போட ஆசை. எப்படி ஏற்பாடு செய்வது?

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் போன்ற ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. நேரில் போங்கள். ஏஜெண்ட் வழியாகவும் பேசலாம். மாசி முதல் வைகாசி வரை நல்ல நடிகர்களுக்குத் தேதி கிடைப்பது கஷ்டம். தை மாதமே போய்விடுங்கள். முதலில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், ஆர்மோனியம் மூன்றையும் உறுதி செய்யுங்கள். பலர் ஆர்மோனியத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள், அது தவறு. சீன், மைக்செட், பந்தல் எல்லாம் தனித்தனிப் பேச்சு. போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே மனுக் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, அனுமதி விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு தேதி வையுங்கள்.

இன்னொன்று. பேசிய பணத்தை விடிந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள். வருஷத்தில் சில மாதங்கள்தான் அவர்களுக்குச் சம்பாத்தியம். 2020-ல் ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனியில். வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தர முடியாமல் ஒரு மிருதங்கக்காரர் எனக்குப் போன் செய்து அழுதார். திருப்பித் தர வேண்டாம், அடுத்த வருஷம் வந்து வாசியுங்கள் என்றோம்.

வருகிற கலைஞர்களுக்கு என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி அறை. பக்கத்தில் தண்ணீர் வசதியோடு கழிப்பறை. பெரிய கண்ணாடி, பளிச்சென்ற பல்ப், ஃபேன். எட்டு மணிக்குச் சாப்பாடு, நடுவில் டீ, தொண்டைக்கு வெந்நீர். காலையில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய்விட வண்டி. ராத்திரி முழுக்கப் பாடிய ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்கும்படி விடக்கூடாது. அன்றைக்கு ராத்திரியே வேறு ஊரில் அவருக்கு மேடை இருக்கும்.

அன்பளிப்பு எப்போது கொடுக்கலாம்?

பாட்டு முடிந்ததும். மேடையோரம் இருக்கும் விழாக் குழு ஆளிடம் பணத்தையும் பெயரையும் கொடுங்கள், மைக்கில் சொல்வார்கள். தர்க்கம் சூடாக நடக்கும்போது நடுவில் ஏறிவிடாதீர்கள். அறுந்த பேச்சை மறுபடி ஒட்டுவது எளிதில்லை.

வீடியோ எடுக்கலாமா?

கொஞ்சம் எடுங்கள். நடிகர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், எதிரே நிற்கிறவருக்குக் கண் கூசுகிறது.

எத்தனை மணிக்கு முடியும்? கடைசிவரை இருந்தால் என்ன பார்க்கலாம்?

ஆறு மணி ஆகும். ஐந்து மணி வாக்கில் விருத்தர் வருவார். அதுவரை இளவட்டமாக நின்று பாடிய அதே ராஜபார்ட், வெள்ளைத் தாடியும் கோலுமாக இருமிக்கொண்டு வந்து பசிக்கிறது என்பார். எங்கள் ஊரில் ஒரு வீட்டார் அந்த நேரத்துக்குத் தினைமாவில் தேன் விட்டுப் பிசைந்து தூக்குவாளியில் கொண்டுவருவார்கள். வள்ளி அதை மேடை ஓரத்தில் வந்து குனிந்து வாங்கி விருத்தருக்கு ஊட்டுவார். மிச்சத்தை முன்வரிசைப் பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பார். மாலை மாற்றி மங்களம் பாடும்போது பந்தலுக்கு வெளியே நன்றாக விடிந்திருக்கும். புளியமரத்தில் நிஜக் கிளிகள் கத்தத் தொடங்கியிருக்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள் கையில் தேன் பிசுபிசுக்கும்.